ஸ்பைட்டுக்கு ஒரு எக்ஸ்ப்ளனேஷன்

எங்கள் கம்பெனியில் மெமோ இங்கிலீஷில்தான் வரும். அதற்கு எழுதிக் கொடுக்கும் பதிலுக்குப் பெயர் எக்ஸ்ப்ளனேஷன். தமிழில் எழுதிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் தமிழில் எழுதினால் படிக்காமலேயே ஓரமாக வைத்துவிடுவார்கள் என்று எங்கள் லைனில் இருந்த முப்பது பெண்களும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை நான் ஒருநாளும் கெடுக்கவில்லை. அந்த முப்பது பேருக்கும் எக்ஸ்ப்ளனேஷன் எழுதிக் கொடுப்பது நான்தான்.

இருங்காட்டுக்கோட்டையில் கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் கம்பெனி அது. பலகையில் ஒயர்களை வரிசையாக மாட்டி, டேப் சுற்றி, கட்டாக்கி அடுத்த ஆளுக்குத் தள்ள வேண்டும். இந்த வேலைக்குப் படிப்பு பெரிதாகத் தேவையில்லை. எனக்கு அது இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அப்பா எங்கே போனாலும் கட்டைவிரலைத்தான் நீட்டுவார். நான் பிளஸ் டூ முடித்து, அஞ்சல் வழியில் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்திருந்தேன். மேலே ஒரு பாக்கெட் வைத்துத் தைத்த சுடிதார்தான் போடுவேன். அதில் பேனா தெரிய வேண்டும்.

என் எக்ஸ்ப்ளனேஷன்களுக்கு நல்ல பெயர் உண்டு. ஒருத்தி ஷிஃப்டில் தூங்கிவிட்டாள். 'என் கண்கள் என் அனுமதியின்றி மூடிக்கொண்டன' என்று இங்கிலீஷில் எழுதினேன். சூப்பர்வைசர் அதைப் பக்கத்து லைனுக்கும் கொண்டுபோய்ப் படித்துக் காட்டிவிட்டு அவளை விட்டுவிட்டார். இன்னொருத்தி டேப் சுருளைப் பையில் போட்டபடியே வீட்டுக்குப் போய்விட்டாள். 'டேப் எனக்குத் தெரியாமல் என்னுடன் வீடுவரை வந்தது' என்று எழுதினேன். அவளும் தப்பித்தாள். மெமோ யாருக்கு வந்தாலும், அவள் எனக்குப் பிடிக்காதவளாகவே இருந்தாலும், எழுதித் தர மாட்டேன் என்று நான் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட எனக்கே ஒருநாள் மெமோ வந்தது.

ஒரே மாதத்தில் மூன்று முறை லேட். ஒரு வருட ட்ரெய்னிங் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. முடிந்தால் கன்ஃபர்மேஷன், அதாவது பர்மனென்ட். மூன்று லேட் இருந்தால் கன்ஃபர்மேஷன் கிடையாது, ட்ரெய்னிங்கை நீட்டிவிடுவார்கள். எக்ஸ்ப்ளனேஷனை ஒப்புக்கொண்டால் மட்டும் லேட்டை ரெஜிஸ்டரிலிருந்து அடித்துவிடுவார்கள். நான் பர்மனென்ட் ஆகப்போவதை அம்மா ஏற்கெனவே மணிமங்கலம் வரைக்கும் சொல்லி வைத்திருந்தாள். எங்கள் ஊர் அதற்குப் பக்கத்தில்தான்.

நான் லேட்டாக எழுந்ததால் லேட் ஆகவில்லை. அதற்குக் காரணம் எங்கள் வீட்டு மூன்றாம் ரூம்.

அப்பா வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு வரிசையாக நாலு ரூம் கட்டி, கம்பெனிக்கு வரும் வெளியூர்ப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். மூன்றாம் ரூமில் இருந்தவள் சிவகங்கைப் பக்கம். என் வயதுதான், ஆனாலும் வீட்டுக்காரர் மகள் என்பதால் என்னை அக்கா என்பாள். என் லைனில்தான் வேலை, என் ஸ்டாப்பில்தான் பஸ் ஏறுவாள். எங்கள் ஸ்டாப்பில் ஏறுவது நாங்கள் இருவர் மட்டுமே.

கம்பெனி பஸ்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. டிரைவர் ஒரு முறை ஹார்ன் அடிப்பார். முதலில் ஏறியவளிடம் இன்னொருத்தியைப் பற்றிக் கேட்பார். 'வராங்க' என்றால் நிற்பார். 'லீவு' என்றால் போய்விடுவார். அவரைப் பொறுத்தவரை முதலில் ஏறியவள் சொல்வதுதான் சத்தியம். நான் எப்போதும் இரண்டாவதாக ஏறுகிறவள். அந்த மாதம் மூன்று நாள், நான் பின்னலின் நுனிக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டே தெருவில் ஓடி வரும்போது, பஸ்ஸின் முதுகு மட்டும் தெரிந்தது. மூன்று நாளும் அவள் நான் லீவு என்று சொல்லியிருக்கிறாள். பிறகு டவுன் பஸ் பிடித்து ஸ்ரீபெரும்புதூர் போய், அங்கே இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து இருங்காட்டுக்கோட்டை போய்ச் சேர்வதற்குள் லைன் நாற்பது நிமிஷம் ஓடிவிட்டிருக்கும்.

இதை எக்ஸ்ப்ளனேஷனில் எப்படி எழுதுவது? அவள் பொய் சொன்னாள் என்று எழுதலாம். ஆனால் பொய் என்பது வெறும் செயல். அதற்குப் பின்னால் இருந்த சங்கதிக்கு எனக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. முதலில் தமிழில் தேடினேன். பொறாமை இல்லை. பொறாமைப்பட்டவளுக்கு என்னிடம் இருப்பது வேண்டும், என்னைத் தெருவில் விட்டுவிட்டுப் போவதால் அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை, என் ஜன்னல் சீட்டில்கூட அவள் உட்காரவில்லை. வன்மம் என்று எழுதினால் அரிவாள் வரைக்கும் போகிறது. குசும்பு என்றால் செல்லம் கொஞ்சுவது போல ஆகிவிடும். லைனில் எல்லோரும் சொல்கிற காண்டு, கோபத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் அந்த மூன்று நாளும் நான் லேட்டாக லைனுக்குள் நுழைந்தபோது அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. நன்றாகச் சாப்பிட்டு எழுந்தவளைப் போல இருந்தாள்.

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அகராதி என்னிடம் இருந்தது. கெட்ட நோக்கத்தைச் சொல்லும் மேலிஸ் என்ற சொல்லில் ஆரம்பித்தேன். அது கோர்ட்டு கேஸ் போலக் கனமாக இருந்தது. அங்கிருந்து ஒவ்வொரு சொல்லாகத் தாவி, ஸ்பைட்டுக்கு வந்து சேர்ந்தேன். பிறரை நோகடிக்க வேண்டும், எரிச்சலூட்ட வேண்டும் என்ற சின்ன மனசு ஆசை. கூடவே அதை எப்படிப் பயன்படுத்துவது என்றும் போட்டிருந்தது: அவுட் ஆஃப் ஸ்பைட். அந்த நிமிஷம் எனக்கு மூன்று லேட்டும் மறந்துபோயிற்று. இவ்வளவு சின்ன விஷயத்துக்குத் தனியாக ஒரு சொல் வைத்திருக்கும் வெள்ளைக்காரர்கள் மீது மரியாதை வந்தது. அவர்கள் ஊரிலும் யாரோ யாரையோ பஸ்ஸில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

என் எக்ஸ்ப்ளனேஷனில் 'சக ஊழியர் அவுட் ஆஃப் ப்யூர் ஸ்பைட் நான் விடுப்பு என்று டிரைவரிடம் தெரிவித்தார்' என்று எழுதினேன். ப்யூர் என் சொந்தச் சரக்கு.

ஹெச்.ஆர். ஆபீசர் கூப்பிட்டு அனுப்பினார். சென்னைக்காரர், கல்யாணமாகாதவர், யார் மனசும் நோகக் கூடாது என்று எப்போதும் பதற்றமாகவே இருப்பார். என் கடிதத்தை மூன்று முறை படித்தார். இன் ஸ்பைட் ஆஃப் தெரியும், இது தனியாக வருமா என்று கேட்டார். வரும் என்று சொல்லி, அர்த்தம் சொன்னேன். பயன்படுத்தும் விதத்தையும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே மேஜை மேல் இருந்த படிவத்தைப் பார்த்தார். லேட்டுக்குக் காரணம் என்று அதில் நாலு கட்டம் இருந்தது. உடல்நலம், குடும்பம், போக்குவரத்து, இதர.

"இது டிரான்ஸ்போர்ட்டாம்மா, அதர்ஸா?"

"இது மனசு சார்."

"மனசுக்குக் கட்டம் கெடையாதேம்மா."

பேனாவை நாலு கட்டத்துக்கும் மேலாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூடி வைத்தார். ஒரு ஆளைக் குறிப்பிட்டு எழுதியிருப்பதால் அந்த ஆளிடமும் விளக்கம் கேட்டாக வேண்டும், திங்கட்கிழமை இரண்டையும் வைத்துக்கொண்டு முடிவு சொல்கிறேன் என்றார். எனக்கு ஏகப்பட்ட திருப்தி. அவளுக்கும் மெமோ போகப்போகிறது. அதில் நான் கண்டுபிடித்த சொல் இருக்கப்போகிறது. இப்படியெல்லாம் சந்தோஷப்பட்டவள், ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. எங்கள் லைனில் மெமோ வந்தால் பெண்கள் யாரிடம் போவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, பின்கட்டில் துணி துவைக்கும் கல் மேல் நான் அஞ்சல் வழிப் பாடத்தையும் அகராதியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, மூன்றாம் ரூம் கதவு திறந்தது. கையில் மெமோ, இரண்டு வெள்ளைத்தாள், ஒரு புதுப் பேனா.

"யக்கா, எனக்கும் ஒண்ணு குடுத்துட்டாக. என்னமோ எழுதிருக்கு. நீங்கதான் பதில் எழுதிக் குடுக்கணும்."

வாங்கிப் பார்த்தேன். புகார் கொடுத்தவரின் பெயருக்குப் பதிலாக டோக்கன் நம்பர் போட்டிருந்தார்கள். என் டோக்கன் நம்பர் என் முதுகில், சட்டையில், சாப்பாட்டு டப்பாவில் எல்லாம் இருக்கிறது, அவளுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. மெமோ வந்த பெண் என்னிடம் எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள். கீழே என் வாக்கியம் டைப் அடித்திருந்தது. என் இங்கிலீஷை டைப் எழுத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் முறை. வேறு யாரோ பெரிய ஆள் எழுதியது போல இருந்தது.

வாசித்துக் காட்டினேன். வேறு வழி இல்லை. ஸ்பைட்டில் நிறுத்தினாள்.

"அதுக்கு என்னக்கா அர்த்தம்?"

"தனக்கு ஒரு லாபமும் கெடையாது. ஆனா அடுத்தவங்கள நோகடிக்கணும்னே சின்னச் சின்னதா செய்யறது."

"தலையில ஷாம்பு போட்டுருக்கையில மோட்டாரை நிறுத்துறது மாதிரியாக்கா?"

மோட்டாரை நிறுத்தியது நான்தான். கரண்ட் பில்லுக்காக என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். பில்லைக் கட்டுவது அப்பா, அவருக்கே அந்தக் கவலை இருந்ததில்லை.

"அதுவும் ஒரு வகைதான்" என்றேன்.

"அப்ப அதைத்தான் எழுதணும். சொல்றேன், எழுதுங்க."

அவள் கல்லின் மறுமுனையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். கோபமில்லாமல், ஒயர்களை நிறம் பார்த்துப் பிரித்து வைப்பதைப் போலச் சொன்னாள். மோட்டார் நின்றது திங்கட்கிழமை. சோப்பு நுரை கண்ணில் இறங்க, பக்கத்து ரூம்காரி குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரை ஊற்றித்தான் கழுவினாளாம். செவ்வாய்க்கிழமை நான் லீவு. பிறகு, ரூம் பெண்கள் எல்லோரும் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று சீரியல் பார்ப்பார்கள். சீரியலில் மாமியார் ஒரு கடிதத்தைப் பிரிக்கப் போகும் நேரத்தில் நான் டிவியை அணைத்துவிட்டேன். பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று சொன்னேனாம். பரீட்சைக்கு நாலு மாசம் இருந்தது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. மறுநாள் நான் மறுபடியும் லீவு. மூன்றாவதுதான் எனக்கே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அவளுக்கு ஊரிலிருந்து வந்த கடிதத்தைத் தபால்காரர் எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதைப் பிரிக்கவில்லை. டிவிக்கு அடியில் இரண்டு நாள் வைத்திருந்தேன், அவ்வளவுதான். அவள் தம்பிக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய செய்தி அதில் இருந்தது. அந்த இரண்டு நாளும் அவள் தினமும் தபால் வந்ததா என்று கேட்டாள். நான் தினமும் உதட்டைப் பிதுக்கினேன்.

"ஒண்ணுக்கு ஒண்ணுன்னு மூணு தடவ சொன்னேன்க்கா. அதுக்கு மேல சொல்லல. நான் செஞ்சதுக்கு என்னக்கா பேரு? அதுவும் இதேதானா?"

இல்லை. அதற்கு வேறு பெயர். எனக்கு அந்தச் சொல் தெரியும், ரிடாலியேஷன். ஒருவர் செய்ததற்குப் பதிலாகச் செய்வது. காரணம் உள்ளது. நோட்டீஸ் கொடுத்து, தேதி போட்டுச் செய்தது போல, முறையாகச் செய்திருக்கிறாள். அப்படியானால் காரணமே இல்லாமல் செய்தவள் யார்? எனக்கு அவள் முதலில் செய்த தப்பு ஏதாவது இருக்கும் என்று உள்ளுக்குள் துழாவினேன். சூப்பர்வைசர் அவளை முன்னால் நிறுத்தி, டேப் சுற்றுவது என்றால் இப்படிச் சுற்ற வேண்டும் என்று எங்களுக்குக் காட்டினார். அது அவர் செய்தது. அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் தலைமுடி. அது யாரும் செய்ததில்லை. துருவித் துருவிப் பார்த்தும், அவள் எனக்குச் செய்தது என்று ஒன்றும் அகப்படவில்லை.

கல்லில் உட்கார்ந்தபடி கணக்கைப் புரிந்துகொண்டேன். இந்தப் பதிலை நான் நன்றாக எழுதினால் என் லேட் அப்படியே நிற்கும், கன்ஃபர்மேஷன் போய்விடும். சுமாராக எழுதினால் அவளுக்கு வார்னிங், எனக்கு பர்மனென்ட். ரிடாலியேஷனை எழுதாமல் விட்டால் போதும். அவளுக்கா தெரியப்போகிறது. அப்படி விடுவதற்கு என்ன பெயர் என்று மட்டும் நல்லவேளையாக அப்போது தோன்றவில்லை.

பேனா நகரவில்லை. அவள் பொறுத்துப் பார்த்தாள்.

"இங்கிலீசுல கஷ்டமா இருந்தா விடுங்கக்கா. நானே தமிழ்ல எழுதிக் குடுத்துக்கிறேன். தமிழ்ல குடுத்தாலும் படிப்பாகன்னு சொல்றாக."

இதை அவள் வெள்ளை மனதோடு சொன்னாளா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கஷ்டமா? எனக்கா? தாளை இழுத்துத் தொடையில் அகராதியை வைத்து அதன் மேல் போட்டுக்கொண்டேன். 'புகார்தாரர் வீட்டு உரிமையாளரின் மகளாயிருக்கும் காரணத்தால், என் தலை முழுக்க ஷாம்பு நுரை இருந்த வேளையில்' என்று தொடங்கினேன். அந்த 'ஆயிருக்கும் காரணத்தால்' இங்கிலீஷில் பீயிங் என்று ஒரே சொல்லில் உட்கார்ந்தது. நன்றாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. டிவியை ஒரு பத்தி எழுதினேன். தபாலுக்கு இரண்டு வாக்கியம்தான் எழுதினேன், நீட்டினால் அழுகை வந்து எழுத்து கெட்டுவிடும் போலிருந்தது. ரிடாலியேஷனை எழுதினேன். 'எனவே என் செயல் ஸ்பைட் ஆகாது, அந்தச் சொல் சரியான முகவரிக்குத் திருப்பி அனுப்பப்பட வேண்டும்' என்று முடித்தேன். அடித்துத் திருத்தி, இன்னொரு தாளில் அழகாகப் பிரதி எடுத்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள். படித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். கடைசி வாக்கியத்தைத் தமிழில் சொன்னபோது சிரித்துவிட்டாள், நானும் சிரித்துவிட்டேன். பிறகு இருவரும் சிரித்ததை மறைக்க ஆளுக்கொரு பக்கம் போனோம்.

திங்கட்கிழமை ஹெச்.ஆர். ஆபீசர் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒரே கையெழுத்து, ஒரே மை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டையும் நீங்கதான் எழுதுனீங்களா?"

"ஆமா சார்."

"உங்க மேலயே நீங்க எழுதியிருக்கீங்களே. எதும்மா உண்மை?"

"ரெண்டும் உண்மை சார். ரெண்டாவதுல வார்த்தை சரியா இருக்கு."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இரண்டாவது கடிதம் ரொம்ப நன்றாக இருக்கிறது, கம்பெனியில் ஆபீசர்கள்கூட இப்படி எழுதுவதில்லை, பெங்களூர் ஹெட் ஆபீசுக்கே மாதிரிக்கு அனுப்பலாம் என்றார். நான் நிமிர்ந்து நின்றேன். அதே மூச்சில், பதில் திருப்தியாக இருப்பதால் அந்தப் பெண் மேல் நடவடிக்கை இல்லை, என் மூன்று லேட்டும் நிற்கும், ட்ரெய்னிங் மூன்று மாதம் நீட்டிக்கப்படுகிறது என்றார். சந்தோஷத்தை எந்த இடத்தில் நிறுத்துவது என்று எனக்குத் தெரியாமல், நன்றி சொல்லிவிட்டு வந்தேன். படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போட்டார் என்று எட்டிப் பார்த்தேன். இதர.

அவள் வெளியே தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றிருந்தாள். மூன்று மாசம் என்றேன். அவள் முகம் சுருங்கியது.

"அதுக்குன்னு செய்யலக்கா நானு."

"தெரியும். அதுக்குன்னு செஞ்சிருந்தா அதுக்கு வேற வார்த்தை."

சாயங்காலம் ஒரே பஸ்ஸில் வந்தோம். தனித்தனி சீட். எங்கள் வீட்டு வாசலில் அம்மா காத்திருந்தாள். எதிர் வீட்டுக்காரம்மாவையும் பக்கத்தில் நிற்க வைத்திருந்தாள்.

"இன்னாடி, பர்மனென்ட் பண்ட்டாங்களா?"

"என் இங்கிலீஷ் ஹெட் ஆபீசுக்கு அனுப்பற அளவுக்கு கீதும்மா. ஆபீசரே சொன்னாரு."

இது முழு உண்மை. அம்மா எதிர் வீட்டுக்காரம்மாவைப் பார்த்த பார்வையில் நான் ஜெனரல் மேனேஜர் ஆகியிருந்தேன். மூன்றாம் ரூம்காரி எங்களைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போகிறவள் நின்றாள். ஒரே ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. சொன்னால் அவளுக்கு ஒரு லாபமும் கிடையாது. நான் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு அவள் வாயைப் பார்த்தேன்.

"ஆமாம்மா" என்றாள். "அவ்வளவு நல்லா எழுதிருந்தாக. எனக்குத்தான் எழுதிக் குடுத்தாக."

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வாடகைக்கு இருக்கிற பெண்ணுக்குக்கூட எழுதிக் கொடுக்கிற மனசு என்று எதிர் வீட்டுக்காரம்மாவிடம் அரை மணி நேரம் சொன்னாள். மூன்றாம் ரூம்காரி போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டுப் போனாள். அது காப்பாற்றியதா, குத்தியதா என்று எனக்குப் பிடிபடவில்லை. அன்றைக்கு அகராதியை எடுத்து, இதற்கும் இங்கிலீஷில் ஒரு சொல் இருக்கிறதா என்று வெகுநேரம் தேடினேன்.